வெள்ளாட்டிடம் சொன்னது

அத்தியாயம் 14

சாமுண்டீஸ்வரி தன் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்தே இல்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் இவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவன் சாப்பிட உட்கார்ந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, ரசம் வேணுமான்னு கேளுடி என்பாள். மகள் ரஞ்சனி நடுவில் நின்றுகொண்டு, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் சேதி கொண்டுபோவாள்.

சிங்கவரத்தில் இந்த மரியாதையை இன்னும் கைவிடாத மாமியார்கள் குறைவு. சாமுண்டிக்கு அதில் ஒரு பெருமை உண்டு. தெருவில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் அவள் மரியாதை கொடுப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் மாப்பிள்ளை இளவழகன் இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான்.

நடந்தது இதுதான். செஞ்சிக் கோட்டைக்கு உலகம் முழுக்கப் பேர் வந்ததிலிருந்து, ரோட்டோரம் காலி மனை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் லாட்ஜ் கட்டும் ஆசை வந்துவிட்டது. அப்படிக் கட்டுகிற ஒரு மூன்று மாடி லாட்ஜில் இந்தக் குடும்பம் முழுக்க வேலை. சாமுண்டியின் புருஷன் துரைக்கண்ணு, செங்கல்லையும் சிமெண்டையும் மாடிக்குத் தூக்குகிற லிஃப்ட் மிஷினை ஓட்டுகிறவர். இளவழகன் கம்பி கட்டுகிறவன். சாமுண்டி சித்தாள். போன வாரம், செங்கல்லை மேலே இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே வந்த இரும்புத் தொட்டி சாரத்தில் இடித்தது, கொக்கியிலிருந்து கழன்றது, விழுந்தது. கீழே இளவழகன் நின்றிருந்தான். தலையைக் காப்பாற்ற இரண்டு கையையும் தூக்கினான். தலை பிழைத்தது.

தொண்டூரில் அவனுடைய அம்மா அப்போதுதான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். அதனால் மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்தான். வந்த முதல் நாளே தெரு முழுக்க ஏதாவது ஒரு பழத்தை வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டது. பழத்தைவிட, மாமியார் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று பார்ப்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம்.

இத்தனை நாள் ரஞ்சனி லீவு போட்டு ஊட்டிவிட்டாள். இன்றைக்கு லீவு முடிந்தது. காந்தி பஜாரில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி. இனிமேல் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

"மத்தியானம் நீதாம்மா ஊட்டணும்," என்றாள், தலையில் கிளிப்பைக் குத்திக்கொண்டே.

சாமுண்டி குழம்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. தன்னால் எப்படி முடியும், தெருவில் என்ன பேசுவார்கள், அவருக்கே கூச்சமாக இருக்காதா, நைனாவை ஊட்டச் சொல்லேன் என்று குழம்பைப் பார்த்தபடியே வரிசையாக அடுக்கினாள்.

"நைனா ஊட்டுமா? அது அவரு மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது," என்று ரஞ்சனி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அது நிஜம். விபத்து நடந்ததிலிருந்து துரைக்கண்ணு மாப்பிள்ளை இருக்கும் அறைப்பக்கம் போகவில்லை. காலையில் கொல்லை வழியாகப் போய், சாயங்காலம் கொல்லை வழியாகவே வருகிறார். சாமுண்டிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷின் அவர் கையில் இருந்தது, தொட்டி அவர் கையிலிருந்துதான் இறங்கியது, வேறு யாரைச் சொல்வது? ஒரு வாரமாக அவருக்குத் தட்டு வைக்கும்போது மெதுவாக வைக்கவில்லை. கட்டின பொண்டாட்டி கோபத்தைச் சொல்லிக் காட்டவே வேண்டாம். தட்டுச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கோபம் புருஷனோடு நிற்கவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் மேலும் அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அந்த மிஷினுக்கு வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவது அவள்தான். மாப்பிள்ளை கீழே நின்று வேலை செய்கிறாரே என்று, போன அமாவாசைக்கு மலையனூரில் வைத்துக் கும்பிட்ட எலுமிச்சம்பழத்தைச் சிவப்பு மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொக்கியிலேயே கட்டியிருந்தாள். கட்டின மறுநாள்தான் தொட்டி விழுந்தது. இந்த ஆடிக்கு அம்மனுக்கு நேர்ந்துவிட்ட வெள்ளாடு கொல்லையில் நிற்கிறது. இனி அதைக் கொடுப்பதா வேண்டாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. வெளியே சொல்லவில்லை. அம்மன் காதில் விழுந்துவிடும்.

துரைக்கண்ணு கிளம்பும்போது மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். முந்தின நாள் மேஸ்திரி தனகோட்டி பைக்கில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இன்றைக்கு மத்தியானம் லேபர் ஆபீசிலிருந்து விசாரிக்க வருகிறார்கள், மிஷின் ஓட்டினவன் என் கவனக்குறைவுதான் என்று ஒத்துக்கொண்டால் வேலை நிற்காமல் நடக்கும் என்று காண்டிராக்டர் அபிப்பிராயப்படுகிறார். அபிப்பிராயப்படுகிறார் என்ற வார்த்தையைத் தனகோட்டி எங்கே பிடித்தாரோ, மூன்று தரம் சொன்னார். ஒத்துக்கொண்டால் துரைக்கண்ணுவை இந்தப் பக்கத்தில் இனி ஒருத்தரும் மிஷினைத் தொடவிட மாட்டார்கள், கேஸ் வந்தாலும் அவர் பேரில்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

"இன்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள் சாமுண்டி.

"நடந்தத சொல்றேன்."

"சொல்லுங்க. செஞ்சத ஒத்துக்கினாலாவது அந்தப் புள்ள மொகத்துல முழிக்கலாம்."

துரைக்கண்ணு அவளை ஒருமாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை. போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மத்தியானம் வந்தது. அதை எப்படிச் சமாளிப்பது என்று சாமுண்டி காலையிலிருந்தே ஒரு திட்டம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை இருந்த அறையின் ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளாடு கட்டியிருந்தது. அவள் சோற்றைப் பிசைந்து, ஒரு ஸ்பூனையும் செருகி, அவன் வாயுயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டூல்மேல் தலையணை போட்டு, தட்டை அதன்மேல் வைத்துவிட்டு, அவன் கண் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். பிறகு ஆட்டைப் பார்த்துச் சொன்னாள், சோறு வைத்தாயிற்று, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும், உப்புக் குறைந்தால் சொல்ல வேண்டும் என்று.

 உள்ளேயிருந்து இளவழகனும் ஆட்டிடமே பதில் சொன்னான். உப்பு சரியாக இருக்கிறதாம், குழம்பு வாசம் நன்றாக இருக்கிறதாம்.

இளவழகன் நல்ல பிள்ளை. அதில் தெருவுக்கே இரண்டு கருத்து இல்லை. அவனைப் பற்றிப் பேச எதுவும் கிடைக்காதது இங்கே பலருக்கும் ஒரு குறை.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்த சாமுண்டி, கதவிடுக்கில் ஒரு கண் வைத்துப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அவன் ஸ்பூனை ஒரு விரல் நுனியால் தள்ளிப் பார்த்தான். அது கீழே விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். யாருமில்லை என்று தெரிந்ததும் குனிந்து, தட்டில் வாயை வைத்துச் சாப்பிட்டான். மூக்கில் சோறு ஒட்டியது. தோளில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

கம்பியை வளைத்து முறுக்கி, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கட்டுகிற கைகள், இரண்டு வெள்ளைத் தூண் மாதிரி பக்கத்தில் சும்மா கிடந்தன.

சாமுண்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போக வேண்டும் என்று மனசு சொன்னது. கால் நகரவில்லை. இத்தனை வருஷ மரியாதையைக் கால் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

அந்த நேரத்தில் அவளை இடித்துக்கொண்டு ஒருத்தி அறைக்குள் போனாள். வெள்ளாடு. கொல்லையில் கட்டியிருந்தது எப்படி அவிழ்ந்ததோ, நேராகத் தட்டுக்குப் போய், மாப்பிள்ளையோடு பந்தியில் உட்கார்ந்த மாதிரி சோற்றில் வாய் வைத்தது. இளவழகன் கட்டுப்போட்ட கையால் தள்ளப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தான். வேறு வழியில்லை. சாமுண்டி உள்ளே ஓடி, ஆட்டின் கழுத்தைப் பிடித்து, தலையைக் குனிந்தபடியே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆட்டின் கழுத்துப் பட்டையில் ஒரு வளையம். முளையில் ஒரு சங்கிலி. சங்கிலி முனையில் நாய்ச்சங்கிலிக்கு இருப்பது போல ஒரு கொக்கி. அதன் வாயை மூடிக்கொள்ள ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன நாக்கு. வளையத்தை மாட்டினால் நாக்கு தானாக மூடிக்கொள்ள வேண்டும். சாமுண்டி மாட்டினாள். ஆடு தலையை ஆட்டியது. கழன்றது. மறுபடி மாட்டினாள். மறுபடி கழன்றது.

உட்கார்ந்து, கொக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று, முந்தின நாள் ஒரு துண்டு சிவப்பு மஞ்சள் கயிற்றை அவளே அதில் கட்டியிருந்தாள். இரும்பு வழவழவென்று இருந்ததால் கயிறு நிற்கவில்லை. நாக்கை உள்ளே அமுக்கி, அதோடு சேர்த்துச் சுற்றினதும் நின்றது. அதனால் நாக்கு மூடவில்லை. கொக்கியின் வாய் ஆவென்று திறந்தே இருந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

மிஷினின் கொக்கி இதைவிடப் பெரியது, உள்ளங்கை அகலம். அதற்கும் நாக்கு உண்டு. லாக்கு என்பார்கள். அதிலும் பழம் நிற்கவில்லை. வழுக்கியது. அவள் நாக்கை உள்ளே அமுக்கி, அதோடு சேர்த்து, அழுத்தமாக, நன்றாக நிற்க வேண்டும், விழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே சுற்றியிருந்தாள்.

ஆடு அவள் தோளை முகர்ந்தது.

"அடியே," என்றாள் சாமுண்டி அதனிடம். "அவரு கை தவறல. உங்க நைனா கை தவறவே இல்ல. பழம் நிக்கலன்னு நான்தான் லாக்க அமுக்கி வெச்சி சுத்திட்டேன். அதான் தொட்டி கழண்டுச்சி. எம்பொண்ணு புருஷன் கைய நான்தான்டி ஒடச்சிட்டேன்."

ஆடு என்ன சொல்லும்? வாயில் இருந்த மீதிச் சோற்றை மென்றது.

ஜன்னலில் நிழல் ஆடியது. இளவழகன் எழுந்து வந்து, கம்பிக்குள்ளே முகத்தை வைத்து நின்றிருந்தான். மூக்கில் இன்னும் ஒரு பருக்கை.

"தோ பாரு," என்றான், அவனும் ஆட்டைப் பார்த்தே. "எனக்கு அன்னிக்கே தெரியும்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லு."

சாமுண்டி தலையை நிமிர்த்தவில்லை.

"மல்லாந்து கெடந்தப்போ மேல பாத்தேன். கொக்கியில பழம் ஆடிக்கினு இருந்துச்சி. லாக்கு மூடல. எல்லாரும் என்னத் தூக்கறதுல இருந்தாங்க. மாமா மட்டும் கொக்கிய எறக்கி, கயித்தப் பல்லால கடிச்சி அறுத்து, பழத்த லுங்கி மடிப்புல சொருகிக்கினாரு. நான் பாத்தத அவரும் பாத்தாரு. அதான் எம்மூஞ்சியில முழிக்க மாட்டேங்கிறாரு. நான் எங்க கேட்டுடுவேனோன்னு."

அன்றைக்கு அந்த லுங்கியைத் துவைத்தவள் சாமுண்டி. மடிப்பில் எலுமிச்சை வாசம் வந்தது. மாப்பிள்ளை கை ஒடிந்து கிடக்கிறான், இந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் ஜூஸ் குடித்திருக்கிறாரே என்று நினைத்தாள். நினைத்ததோடு விடவில்லை. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அதையே கேட்டாள். அவர் தாகமாக இருந்தது என்று சொல்லிவிட்டு, கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரம். அத்தனை தட்டுச் சத்தத்தையும் அந்த மனுஷன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இன்றைக்குக் காலையில் சொன்ன வார்த்தையையும் சேர்த்து.

சாமுண்டி எழுந்தாள். குழாயடியில் முகத்தைக் கழுவினாள், கையைக் கழுவினாள். உள்ளே போனாள். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. தலைப்பு தோளிலேயே இருந்தது. அதை இழுக்க அவளுக்கு நினைவு வரவில்லை.

"மாப்ள," என்றாள்.

இளவழகன் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தான். வகுப்புக்குள் பெரிய வாத்தியார் வந்துவிட்ட மாதிரி.

"ஒக்காருங்க. எம்மேல கோவமில்லியா?"

"எனக்காகத்தான கட்டுனீங்க."

 அவன் மேலே பேசினான். கம்பிக் கட்டைப் பற்றிப் பேசுவது போல நிதானமாகப் பேசினான். பழம் கட்டினது அத்தை தப்பு என்றால், காலையில் மிஷின் போடுவதற்கு முன் கொக்கியை ஒருத்தன் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு ஆளை வைக்காதது யார் தப்பு? தொட்டி இறங்குகிற இடத்தில் ஆள் நடக்கக் கூடாது; தடுப்பு எங்கே? ஹெல்மெட் எல்லாம் ஸ்டோர் ரூமில் பூட்டியிருக்கிறது, பாலித்தீன்கூடப் பிரிக்காமல், ஆபீசர் வருகிற அன்றைக்குப் பளபளவென்று இருக்க வேண்டுமாம்.

"நானும் எம்மேலதான் தப்புன்னு சொல்லலாம்னு இருந்தேன். குறுக்க வந்தவன் நானுதானே," என்று முடித்தான்.

ஆக, இந்தக் குற்றத்தை எனக்கே கொடு என்று ஒரே வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு மூலையில் நின்றிருக்கிறார்கள். காண்டிராக்டர் ஒருத்தர்தான் வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவர்.

சாமுண்டி புதுச் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். உருட்டினாள். கை ஒரு தரம் பாதி வழியில் நின்றது, பிறகு போயிற்று.

"வாயத் தொறங்க."

அவன் திறந்தான். ரஞ்சனிக்கு ஊட்டின கை, அளவு மறக்கவில்லை. பள்ளிக்கூட அவசரத்தில் நாலே உருண்டையில் தட்டைக் காலி செய்கிற அளவு. அவனால் வாயை மூட முடியவில்லை. மெல்லவும் முடியவில்லை. கண்ணை அகல விரித்து, மூக்கால் ஏதோ சொன்னான்.

"இன்னா?"

விழுங்கினதும் சொன்னான். "கொஞ்சம் சின்னதா, அத்த."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தோளால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த உருண்டையைச் சின்னதாக உருட்டினாள். அவன் மூக்கில் இருந்த பருக்கையையும் எடுத்துவிட்டாள்.

தட்டு பாதி காலியானபோது அவள் கை நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உங்க மாமா இந்நேரம் ஒத்துக்கொண்டிருப்பார் என்றாள். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

தட்டைக் கழுவாமலே வைத்துவிட்டு, நான் போகிறேன் என்றாள். நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும், அந்த மனுஷன் வாயால் சொல்ல மாட்டார்.

"நானும் வரேன்," என்றான் இளவழகன். "அடிபட்டவன் சொன்னாதான் எடுத்துப்பாங்க. கொக்கிய நான் பாத்தத நான்தான் சொல்லணும்."

"இந்தக் கையோடயா?"

"சொல்றது வாய்தான?"

மாவுக்கட்டு நுழைகிற மாதிரி ரஞ்சனி கைப்பாகத்தை வெட்டி வைத்திருந்த பழைய சட்டையைச் சாமுண்டியே போட்டுவிட்டாள். பட்டனை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டு வரும்போது அவன் மெதுவாகச் சொன்னான், ரஞ்சனிக்கு இது தெரிய வேண்டாம் என்று. அவள் அப்பாவைத் திட்டினால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள். அம்மா என்று தெரிந்தால் தாங்க மாட்டாள்.

சாமுண்டி கடைசிப் பட்டனைப் போட்டுச் சட்டையை இழுத்துவிட்டாள். அவளும் பயந்தது அதற்குத்தான். போலீஸுக்கோ ஆபீசருக்கோ இல்லை. அந்த ஒருத்திக்கு.

இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள். முன்னே ஒருத்தர் பின்னே ஒருத்தராக இல்லை, பக்கத்தில் பக்கத்தில். அவன் கையைத் தெருவில் போகிற மாடு தட்டிவிடாமல் அவள் தடுத்துக்கொண்டே போனாள். பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துப்போன அத்தனை வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. துணி காயப்போட எடுத்தவர்கள் காயப்போட மறந்தார்கள்.

ஸ்டாப்பில் செஞ்சியிலிருந்து டவுன் பஸ் வந்து திரும்பி நின்றது. படியில் ரஞ்சனி இறங்கினாள்.

அம்மா ஊட்டினாளோ இல்லையோ என்று மனசு கேட்காமல் கடையில் அரைநாள் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கையில் ஒரு புரோட்டாப் பொட்டலம். முதலில் புருஷனைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்கும் அம்மாவை. தலையில் தலைப்பு இல்லாத அம்மாவை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நைனாவுக்கு இன்னாம்மா ஆச்சி?"

இளவழகன் அத்தையைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒண்ணும் ஆவல. ஆவறதுக்குள்ள போணும்," என்றாள் சாமுண்டி. "ஏறு. உங்க நைனா என் தப்ப அதும்மேல போட்டுக்கினு இருக்குது. பஸ்ஸுல சொல்றேன். கேட்டுட்டு எம்மூஞ்சியப் பாக்கறதும் பாக்காததும் உன்னிஷ்டம்."

ரஞ்சனி ஏறினாள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. வண்டி கிளம்பியதும் இளவழகன் சாய்ந்தான். அவனுக்குக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. சாமுண்டி ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாப்பிள்ளையின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். எந்தக் குலுக்கலுக்கும் விடாத பிடி. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கை வந்து அதே சட்டையை மறுபக்கம் பிடித்தது. ரஞ்சனியின் கை. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு," என்றாள்.